கெட்டவனுக்குக் கொடுத்த குரல்

மூன்று தலைமுறைக் குடும்பக் கதை ஒன்றை ஒலிப்புத்தகத்துக்காக வாசித்துக்கொண்டிருந்தேன். அறுநூறு பக்கம். நல்லவன் என்று பெயரெடுத்த அண்ணன், கெட்டவன் என்று பெயரெடுத்த தம்பி, நடுவில் மாட்டிக்கொண்ட அப்பா. எழுதியவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். வாசிப்பவளின் தொண்டையைப் பற்றித்தான் மனிதர் யோசிக்கவே இல்லை.

பதினோராவது நாள், ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பதிவை நிறுத்தினார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க. கோவிக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் பாக்கலாம்."

"தம்பிக்காரன் எந்தப் பக்கம் போவான்னு எழுதினவர் கடைசி வரைக்கும் சொல்லல. நீங்க அவன் வாயைத் திறந்ததுமே தீர்ப்பு சொல்லிட்டீங்க."

எனக்கு முகம் செத்துப்போனது. கதைத் தம்பிக்கு நான் போட்டது என் சொந்தத் தம்பியின் குரல். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அப்பாவைக் கைநீட்டி அடித்துவிட்டு வீட்டைவிட்டுப் போனானே, அன்றைய அதே எகத்தாளம். வேண்டுமென்று செய்யவில்லை. கெட்டவன் என்றதும் வாய் தானாக அங்கே போயிருக்கிறது.

இரண்டு நாள் முன்பு அவன் செய்தி அனுப்பியிருந்தான். 'அப்பாவுக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். ஒரு தடவை பாக்கலாமா? நீ வேண்டாம்னா வரல.' நான் பதில் போடவில்லை. விடிந்தால் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"தம்பி சாவியோட நிக்கிற கட்டத்தைத் திரும்ப எடுக்கலாம்" என்றேன்.

கதையில் அந்த இடத்தில் வெள்ளம் ஏறுகிறது. பூட்டிய வீட்டுக்குள்ளே அப்பா. வெளியே தம்பி, கையில் சாவி. திறப்பதும் திரும்பிப் போவதும் அவன் இஷ்டம் என்று எழுதிவிட்டு, ஆசிரியர் ஒரு பக்கம் முழுக்க அவனை அப்படியே நிற்கவைக்கிறார். இந்த முறை எந்தக் குரலும் போடாமல் வாசித்தேன். அவன் பயந்துபோயிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குக் கேட்டது. இத்தனை நாள் வாசித்தும் கேட்காததற்கு வெட்கப்பட்டேன்.

நடைபாதைக்கு வந்து தம்பியைக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தான்.

"அக்கா."

குரல் மெலிந்திருந்தது. யாரோ மாதிரி இருந்தது.

"மூணாவது மாடி. ஏழு மணி வரைக்கும் உள்ள விடுவாங்க."

"அப்பா என்ன சொல்லுவாரு?"

"தெரியலடா. அது அவர் இஷ்டம். நீ எப்ப கிளம்புற?"



"ஆஸ்பத்திரி வாசல்லதான்க்கா இருக்கேன். ரெண்டு நாளா."