பெடலை முழுதாக மிதிக்காதவன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பெரிய பொய் இல்லை. ‘ம்’ என்று ஒரே எழுத்து. அதைச் சொன்னவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவரை எழுதிய மூன்று பிரதிகளிலும் அந்தப் பழியை வேறொருவர் தலையில் கட்டியிருந்தேன்.

2

முதல் பிரதி இப்படித் தொடங்கியது:

காரின் சொந்தக்காரி ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார். புது எஞ்சினை நோகடிக்கக் கூடாதே என்று அவர் மனம்

(இதோடு விடுகிறேன். அந்த அக்கா அப்போது பட்டறையிலேயே இல்லை. நோகடிக்கக் கூடாதே என்று உருகிய மனம் என்னுடையது.)

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டறை என் மைத்துனனுடையது. வாடகைக் கார் ஓட்டும் அந்த அக்காவின் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தனியாளாகவே மறுபடி கட்டி முடித்திருந்தான். இரண்டு மாதமாக வண்டியில்லாமல் வீட்டில் இருந்த அவருக்கு, மறுநாள் காலையிலிருந்து நான்கு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேலை கிடைத்திருந்தது. எஞ்சின் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரை மாட்டினான்.

“மாமா, சும்மாதானே நிக்கறீங்க? உள்ள ஏறி உக்காருங்க. ஆக்சிலேட்டர அடி வரைக்கும் மிதிச்சுக்கிட்டு சாவியத் திருப்புங்க.”

3

இங்கே என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இவ்வளவு மடத்தனமாக ஒருவன் இருப்பானா? இருந்தேன். புதிதாகக் கட்டிய எஞ்சினைக் கொஞ்ச நாளைக்கு அழுத்தி ஓட்டக் கூடாது என்று முந்தின வாரம் சாப்பிடும்போது அவனே சொல்லியிருந்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு, பெடலைத் தொட்டும் தொடாமலும் காலை வைத்தேன். பாவம், பச்சைக் குழந்தை மாதிரி எஞ்சின்!*

முதல் சிலிண்டர் நூற்றுப் பத்து. குறைந்தது நூற்றெழுபது வரவேண்டும். மற்ற மூன்றும் அதே கதை.

“முழுசா மிதிச்சீங்களா மாமா?”

“ம்.”

4

அவன் முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். பிறகு அந்த அக்காவுக்குப் போன் போட்டான்.

“அக்கா, மன்னிச்சுக்கங்க. திரும்பப் பிரிக்கணும் போல. நாளைக்கு வண்டி வராது.”

“என்ன தம்பி இப்படிச் சொல்ற? மொத நாளே வரலேன்னா வேற வண்டி வச்சுக்குவாங்களே!”

அவர் குரல் எனக்கு வண்டிக்குள் கேட்டது. கடவுளே, அந்த ‘ம்’மைத் திரும்ப விழுங்க முடியாதா என்று வேண்டினேன். விழுங்க முடியவில்லை. மைத்துனன் ஸ்பானரை எடுத்தபோது வாயைத் திறந்தேன்.

“மாப்ள… நான் முழுசா மிதிக்கல.”

“எவ்ளோ மிதிச்சீங்க?”

“மிதிக்கவே இல்லன்னு வச்சுக்கயேன். புது எஞ்சினாச்சேன்னு…”

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். “அது ரோட்டுல ஓட்டும்போது மாமா! இங்க எஞ்சினு எங்க ஓடுது? ஏறுங்க. பெடல் தரையில ஒட்டணும்.”

நூற்றெழுபத்திரண்டு. நூற்றெழுபது. நூற்றெழுபத்து நான்கு. கடைசியும் நூற்றெழுபத்திரண்டு. அவன் பானெட்டில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு சிரித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

5

முடிவு ஒன்று எழுதிப் பார்த்தேன்:

மாலையில் அந்த அக்கா வந்ததும் நான் எழுந்து நின்று எல்லாவற்றையும்

(இல்லை. சொல்லவில்லை.)

மைத்துனன் அதற்குள் மறுபடி போன் போட்டு, “நான்தான் அவசரத்துல தப்பாப் பாத்துட்டேங்க்கா, வண்டி சூப்பரா இருக்கு” என்று முடித்துவிட்டான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். உபதேசம் எழுதியே வயதாகிப்போன எனக்கு, அந்த ஒரு வரி அளவுக்கு எழுத வராது.

அக்கா வந்தார். மூன்று பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். “காலையில என் உசுரையே எடுத்துட்டியே தம்பி. மொதல்ல கண்ணாடி வாங்கி மாட்டு!” என்றார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். மறுநாள் பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளி சேர்ந்தார்கள்.

சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்த அக்கா கதைகள் படிப்பாராம், நேற்றுதான் மைத்துனன் சொன்னான். அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. அக்கா, இந்தப் பக்கம் உங்கள் கைக்கு வந்தால்: அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை, குறை என் காலில். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது அவனிடம் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதுவே இதன் கடைசி வரி.

* பெடலை முழுதாக மிதித்தால்தான் சிலிண்டருக்குள் போதிய காற்று போகும்; காற்று போனால்தான் மீட்டர் உண்மை சொல்லும். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.