ஜெனரலின் கல்லில் என் வீட்டுக்காரர்

நாளை மறுநாள் ஜெனரலுக்கு வருஷ விருந்து. நான் ஜெனரலின் மனைவி தமாரா அக்கா வீட்டு முற்றத்தில் விடிந்ததிலிருந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. போன வருஷம் மலைப்பாதையில் கடத்தல்காரர்கள் சுட்டதில் மிலீசியா போலீஸ் ஜெனரலோடு, அவர் வண்டியை ஓட்டிய என் வீட்டுக்காரர் சாகினும் செத்துப்போனார். அவருக்கும் அதே நாள்தான் வருஷம். டிரைவருக்கு அமைச்சகம் விருந்து வைக்குமா என்ன? "ரெண்டு பேருக்கும் சேத்தே குரான் ஓதிடுவோம், புருல்" என்றார் தமாரா அக்கா. சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே.

தலைநகரத்திலிருந்து வந்திருந்த கேப்டன் மிர்லான் வேகமாக உள்ளே வந்தான்.

"தமாரா அக்கா, கொஞ்சம் கல்லறைக்கு வர்றீங்களா? ஜெனரலோட புதுக் கல்லு மேல போட்டிருந்த துணி காத்துல போயிடுச்சு."

"திரும்பக் கட்டு. அதுக்கு நான் எதுக்கு?"

"அதுல இருக்கறது ஜெனரலே இல்லேன்னு காவலாளி சொல்றான்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் போனோம்.

சாலையோரமாக ஆள் உயரத்துக்கு மேல் நின்றது அந்தக் கறுப்புக் கல். ஜெனரலின் உடுப்பு, தோளில் நட்சத்திரம், மார்பு நிறைய பதக்கம், ஒரு பொத்தான் விடாமல் செதுக்கியிருந்தார்கள். அந்தக் காலருக்கு மேலே சாகின் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவரை மூடிய பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள். பார்க்காமல் இருப்பதே நல்லது என்றார்கள். எங்கள் வழக்கத்தில் அடக்கத்தன்று பெண்கள் குழிவரை போவதில்லை. துக்கத்துக்குப் போட்ட கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்ததோடு சரி. அன்றிலிருந்து கண்ணை மூடினால் பெட்டிதான் வரும், முகம் வராது. நான் செத்துச் செத்துப் பிழைத்த வருஷம் அது.

"யாரு இது?" என்றான் கேப்டன்.

"என் வீட்டுக்காரரு."

"இவரு எப்படி இந்த உடுப்புல?"

"நீ சொல்லு. படத்தை அனுப்பினது யாரு?" என்றார் அக்கா.

"நாங்கதான். ஜெனரலோட போன்லேருந்து எடுத்தோம். அவருக்குத்தான் போட்டோன்னாலே ஆகாதாமே. உடுப்போட தெளிவா இருந்தது இது ஒண்ணுதான்."

"மூஞ்சியப் பாக்கலையா?"

"நான் இந்த வேலைக்கு வந்தே ஒரு மாசம்தான் ஆகுது. நட்சத்திரத்தப் பாத்தோம், அனுப்பிட்டோம்."

அதைச் செதுக்கிய கல்லுக்காரர் அரைக்கும் மெஷினை எடுத்து வந்தார். முகத்தை மட்டும் அரைத்துவிட்டு அதே இடத்தில் ஜெனரலைச் செதுக்கிவிடலாமாம். நான் கல்லை மறித்து நின்றேன்.

"நகருங்கக்கா. இது அரசாங்கக் கல்லு" என்றான் கேப்டன்.

"கல்ல நீயே வெச்சுக்க. அவரு மூஞ்சில மெஷின வைக்காத. ஒரு தடவ செத்தது போதும்."

"டிரைவர் இங்க சிரிச்சிட்டு நின்னா மந்திரி என் வேலையக் காலி பண்ணிடுவாரு."

"பண்ணட்டும். வீட்ல நல்லாத் தூங்கு."

அவன் தமாரா அக்காவைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவர் புருஷனின் கல். அரை என்று அவர் சொன்னால் எனக்குப் பேச வாயில்லை. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார்.

"இந்தச் சட்டைய அவரு என்னைத் தவிர யாரையும் தொட விடமாட்டாரு. படம் யாரு எடுத்தது?"

"ஜெனரல்தான். ஏரிக்கரைல. 'இன்னிக்கு நீ ஜெனரல், நான் டிரைவர்'னு சொல்லி மாட்டிவிட்டாராம். வரும்போது வண்டியையும் அவரே ஓட்டினாராம்" என்றேன். சாகின் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தது அது.

"எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றார் அக்கா. அவர் முகம் வாடிப்போயிற்று.

கல்லைச் சுற்றிப் போய்ப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கல்லுக்காரரிடம், "பின்பக்கமும் மெருகு போட்டதுதானே?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"வீட்டுச் சுவத்துல இருக்கற அவரு படத்தத் தர்றேன். அவர இந்தப் பின்பக்கம் செதுக்கி, அது ரோட்டப் பாக்கறாப்பல கல்லத் திருப்பி வையி. சாகின் மலையப் பாத்துட்டு இருக்கட்டும்."

"அக்கா, டிரைவருக்கு ஜெனரல் உடுப்புன்னா சட்டப்படி..." என்று இழுத்தான் கேப்டன்.

"போட்டுவிட்டவரு ஜெனரல். அவரப் போய்க் கேளு."

விருந்தன்று எல்லாக் கூட்டமும் சாலைப் பக்கம். மந்திரி பேசினார், சல்யூட் அடித்தார்கள். நான் பின்னால், சாகின் இருந்த பக்கம், கல்லுக்கும் கல்லறை மதிலுக்கும் நடுவே இருந்த சந்தில் தனியாக நின்றேன். தமாரா அக்கா பக்கவாட்டில் இடித்துக்கொண்டு நுழைந்து வந்தார்.

"அக்கா, உங்களத்தான் மைக்ல கூப்பிடறாங்க."

"கூப்பிடட்டும். அந்தப் பக்கம் இருக்கறவரு விறைப்பா எங்கேயோ பாத்துட்டு நிக்கறாரு, புருல். இவன், படம் எடுத்துட்டிருந்த அவரப் பாத்துதானே சிரிக்கறான்?" அக்கா கல்லுக்கு நேர் எதிரே வந்து, மதிலில் முதுகை ஒட்டி நின்றார். "போனும் கையுமா இங்கதான் எங்கயாவது நின்னிருப்பாரு."

நான் நகர்ந்து இடம் விட்டேன்.