எல்லாமே சௌகரியம்

என் கணவரோடு கடைக்குப் போனால் அரை மணி நேரத்தில் எனக்குத் தலைவலி வந்துவிடும். எதை எடுத்துக் காட்டினாலும் "நல்லாயிருக்கு" என்பார். அதற்கு நேர் எதிரான இன்னொன்றைக் காட்டினால் அதுவும் நல்லாயிருக்கும். பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான் சொல்லியிருப்பாரோ என்று எனக்கு இருபத்தேழு வருஷமாகச் சந்தேகம்.

ஆனால் இந்த முறை செருப்பு. பதினோரு நாள் நடக்க வேண்டும். ஆற்றங்கரையை ஒட்டியே போய்க் கடலைத் தொடுவது, மொத்தம் நூற்று எண்பது கிலோமீட்டர். யோசனை அவருடையது. டீ கொதிக்கிறதா என்று கேட்டால்கூட என்னையே போய்ப் பார்க்கச் சொல்லும் மனிதர், தானாக ஒரு யோசனை சொன்னதே அதிசயம் என்று நானும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

செருப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கூரியர் ஆபீஸில் பார்சல் கவுண்டரில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். பொருளைக் கையில் வாங்கினாலே எடை சொல்லிவிடுவேன், தராசு அப்புறம் வந்து ஆமாம் போடும். ஒரு செருப்பில் நூறு கிராம் கூடினாலும் ஒவ்வொரு எட்டுக்கும் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும். பதினோரு நாளைக்கு எத்தனை எட்டு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அவரிடம் சொல்லாமல் இருந்தேன்.

அவர் பேருந்து ஓட்டுநர். முப்பத்தொரு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் இல்லை. டிப்போவில் அவருக்குப் பஞ்சுக்கால் என்று பேர். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை என்று அர்த்தம். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். காலை ஏழேகாலுக்கு அவர் எடுக்கும் வண்டியில்தான் நானும் வேலைக்குப் போகிறேன். அவருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை சீட் என்னுடையது. வேறு யாராவது உட்கார்ந்தால் முறைப்பேன்.

கடையில் எங்களைக் கவனித்த அம்மாவுக்கு என் வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். என் கணவரை நிற்க வைத்து இரண்டு பாதத்தையும் அளந்தார்.

"சாயங்காலமா வந்தது நல்லதாப் போச்சு. நடந்தா பாதம் வீங்கும் சார், அரை சைஸ் கூட எடுத்துக்கணும்."

முதல் ஜோடியில் ஒன்றை வாங்கிக் கையில் நிறுத்தினேன். "நானூத்தி இருபது," என்றேன். அந்த அம்மா அதைக் கவுண்டர் தராசில் வைத்தார். நானூற்றுப் பதினைந்து. என்னைப் புதிய மரியாதையோடு பார்த்தார். என் கணவர் அதைப் போட்டுப் பார்த்து, "சௌகரியமா இருக்கு," என்றார். இரண்டாவது இறகு மாதிரி இருந்தது, ஆனால் அந்த அம்மா அதைக் கையில் எடுத்து வளைத்ததும் நடுப்பாதத்திலேயே மடிந்தது.

"விரல் பக்கம்தான் மடங்கணும். இங்க மடங்கினா ரெண்டாம் நாளே குதிகால் வலி வந்துடும்."

அதற்குள் என் கணவர் அதன் ஜோடியைப் போட்டுப் பார்த்து, "இதுவும் சௌகரியம்," என்று சொல்லியிருந்தார்.

"உங்களுக்குத் தகர டப்பாவை மாட்டிவிட்டாலும் சௌகரியம்தான்," என்றேன். அவர் சிரித்தார்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. இருநூற்று அறுபத்தைந்து கிராம். குதிகாலைப் பிடித்துக்கொள்ள ஒரு குழி, உள்ளங்கால் வளைவுக்கு ஒரு மேடு, இறுக்கவும் தளர்த்தவும் மூன்று வார். கடையின் மூலையில் போட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு மரச்சரிவும், அதன் அடியில் சரளைக்கல் பரப்பிய ஒரு தொட்டியும் இருந்தன. அவர் சரிவில் ஏறி இறங்கினார், சரளையில் நடந்தார், கடையின் நீளத்துக்கு மூன்று முறை போய் வந்தார். நடை நேராகத்தான் இருந்தது.

"எங்கயாவது உறுத்துதா சார்?"

"ஒண்ணும் உறுத்தல. இருக்கறதிலேயே இதுதான் ரொம்ப சௌகரியம்."

வாரைக் கழற்ற நான்தான் குனிந்தேன். அவர் வலது காலை வெளியே எடுத்தார். உள்ளங்காலில் ஒரு கல் ஒட்டிக்கொண்டிருந்தது. கொண்டைக்கடலை அளவு, ஒரு பக்கம் கூர். அது கீழே விழவில்லை. நான் விரலால் தட்டிய பிறகுதான் விழுந்தது. இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு பள்ளம்.

அந்த அம்மா கல்லைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "சாருக்கு சுகர் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு நிறம் இருக்கிறதா என்று பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நல்ல மனுஷி.

"எத்தனை நாளா?" என்றேன்.

"என்ன எத்தனை நாளா?"

"பூசி மெழுகாதீங்க."

அவர் சாக்ஸ் அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எட்டு மாசம் இருக்கும். மரத்த மாதிரி. பெருசா ஒண்ணுமில்ல."

சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். மாத்திரையை எண்ணி வைப்பது நான், ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போவது நான். காலில் மரப்பு இருக்கிறதா என்று டாக்டர் கேட்டபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று அவர் சொன்னார், நானும் சேர்ந்து தலையாட்டினேன். ஒரு நாளாவது அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தேனா?

நடையைப் பற்றித்தான் முதலில் நினைத்தேன். கொப்புளம், புண், ஆற்றங்கரைப் பாதையில் ஆஸ்பத்திரிக்கு எங்கே போவது. வாய் திறந்து திட்டவும் ஆரம்பித்துவிட்டேன். பாதித் திட்டில்தான் அது வலது கால் என்பது என் மண்டையில் ஏறியது.

"பிரேக்கை எப்படி மிதிக்கிறீங்க?"

அவர் ஒரு சாக்ஸை எடுத்து விலையைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"முப்பத்தொரு வருஷமா மிதிக்கிறேன். காலுக்குத் தெரியும்."

"காலுக்குத்தான் தெரியலையே!"

"வண்டி நிக்குதுல்ல, அதை வெச்சுத் தெரிஞ்சுப்பேன். பிரேக்ல காத்து இறங்கற சத்தம் கேக்கும்."

போன மாதம் ஒரு நாள் வண்டி ஸ்டாப்பைத் தாண்டி ஒரு பஸ் நீளம் போய்த்தான் நின்றது. ஆட்கள் ஓடி வந்து ஏறினார்கள். "பஞ்சுக்கால் தூங்கிடுச்சா?" என்று பின்னாலிருந்து நான்தான் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். என் பக்கத்தில் கம்பியைப் பிடிக்காமல் புத்தகம் படித்துக்கொண்டு நின்ற பெண்ணும் சிரித்தாள். இப்போது அதை நினைத்தபோது அவர் மேல் பயங்கரக் கோபமும், அதே அளவு பாவமும் ஒன்றாக வந்தன.

"இந்த நடை எதுக்குங்க?"

"நூத்தி எண்பது கிலோமீட்டர் நடந்து முடிச்சுட்டா, காலுக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிடும்ல. எனக்கே தெரியணும்னுதான்." குரலைத் தாழ்த்தினார். "பதினாலு மாசம்தான் இருக்கு. நுனி விரல் ரெண்டுதான் மரத்திருக்கு. மத்த இடமெல்லாம் நல்லாத் தெரியுது."

"சரி. கண்ணை மூடுங்க. நான் தொடும்போது சொல்லுங்க."

"கடையில வெச்சா?"

"மூடுங்க."

மூடினார். நான் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் சொன்ன இரண்டு விரலை விட்டுவிட்டு அடுத்த விரலை அழுத்தினேன். அவர் பேசவில்லை. கடைசி விரல். விரல்களுக்குக் கீழே இருக்கும் சதை. கல் குத்தியிருந்த பள்ளம். சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று ஒவ்வொரு இடமாகக் காத்திருந்து நகர்ந்தேன். அவர் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. குதிகாலுக்கு வந்தபோது கட்டைவிரல் நகத்தை வைத்து என் பலம் மொத்தத்தையும் கொடுத்து அழுத்தினேன். எனக்குத் தோள் வரை வலித்தது.

அவர் கண்ணை மூடியபடியே, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிச்சுட்டியா?" என்றார்.

அவரே கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் குதிகாலில் புதைந்திருந்த என் நகத்தைப் பார்த்தார்.

காலை என் மடியிலிருந்து எடுக்காமலே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து டிப்போவுக்கு அடித்தார்.

"நான்தான் பேசறேன். நாளைக்குக் காலையில ஏழேகால் வண்டிக்கு வேற ஆளைப் போடுங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல, சும்மா கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"கால்ல உணர்ச்சி இல்ல. நாளைக்கு மட்டும் இல்ல, இனிமே எப்பவும்தான்."