நாங்கள் குளித்தால்தான் ஏரி

எங்கள் குடியிருப்பின் நடுவில் ஓர் ஏரி இருக்கிறது. கடவுள் படைத்ததல்ல, கட்டுமான நிறுவனம் படைத்தது. அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு, கரையில் சிமென்ட் பெஞ்சு, வாடகைக்கு வந்தவை போல மூன்று வாத்துகள். நாங்கள் குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் சுத்தமாகி அதில் போய் விழும். மாலையில் அதன் கரையிலேயே உட்கார்ந்து, "என்னா காத்து" என்று மூச்சை இழுத்துக்கொள்வோம்.

ஏரிக் குழுவின் தலைவி என் மனைவி. வங்கியில் காலமெல்லாம் மேலதிகாரிகள் சொன்னதைக் கேட்டு ஓய்வு பெற்றவள். அவள் சொல்லி நாலு பேர் கேட்பது இதுதான் முதல் தடவை. அந்தப் பதவி அவளுக்கு உயிர். பசுமைக் குடியிருப்பு விருதுக்கு விண்ணப்பித்தாள், எனக்குச் சனி பிடித்தது.

விருது வேண்டுமென்றால் தண்ணீரை மிச்சப்படுத்த வேண்டுமாம். ஆளுக்கு ஒரு வாளிதான் என்று உத்தரவு போட்டாள். ஊருக்கு மட்டும்தான் உபதேசம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா, அதனால் முதல் பலி நான். தலையில் சோப்பு நுரையோடு நிற்கும்போது கதவைத் தட்டுவாள். "போதுங்க, வெளிய வாங்க."

குடியிருப்பே ஒழுங்குக்கு வந்தது. கூடவே ஏரியும் வற்றத் தொடங்கியது. கரையோரம் பிளாஸ்டிக் விரிப்பு பல்லை இளித்தது. குழு அவசரமாகக் கூடியது. வெயில் என்றார் ஒருவர். விரிப்பில் ஓட்டை என்றார் இன்னொருவர். ஓய்வு பெற்ற பொறியாளர் மட்டும் ஆழமாக யோசித்து, வாத்துகள் குடித்திருக்கலாம் என்றார்.

வீட்டில் சாப்பிடும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"ஏரிக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

"நம்ம வீடுங்கள்ல இருந்துதான். இது தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியும். நாமதான் குளிக்கிறதையே விட்டுட்டோமே."

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு அவள் முகத்தைப் பார்க்கும் வரைதான் இருந்தது.

மறுநாளே வாட்ஸ்அப்பில் புது உத்தரவு: விருதுக் குழு வரும்வரை எல்லோரும் தாராளமாகக் குளிக்கவும், முடிந்தால் இரண்டு வேளை. குளித்தோம். குளிக்க நேரமில்லாதவர்கள் குழாயைத் திறந்து விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். ஏரி தளும்பியது.

விருதுக் குழுவிலிருந்து பார்வையிட வந்த அம்மையார் கரையில் நின்று பூரித்துப் போனார். "அருமையா வச்சிருக்கீங்க. இதுக்காகத் தண்ணி எதுவும் வீணாக்கலையே?"

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் விருது கைக்கு வந்துவிடும். சொல்லித் தொலையேன் என்று நானும் மனதுக்குள் கெஞ்சினேன்.

"வீணாக்கினோம்மா," என்றாள். "நீங்க வரப்போ நிறைஞ்சு தெரியணும்னு குழாயத் திறந்து விட்டோம். நான்தான் விடச் சொன்னேன்."

விருது பக்கத்துக் குடியிருப்புக்குப் போனது. அங்கே ஏரியே கிடையாது. எங்கள் குழு உடனே கூடி அவளைப் பதவியிலிருந்து இறக்கியது. வாத்துகள் மேல் பழி போட்டவர்தான் புதுத் தலைவர்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள். எனக்கோ அவளை நினைத்து நெஞ்சு கொள்ளாத பெருமை.

"ஒரே ஒரு பொய்ங்க. சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்," என்றேன். "ஆனா அப்படிப் பொய் சொன்ன தலைவியோட நான்ல குடும்பம் நடத்தணும்?"