வெந்த உருளையின் பந்தயம்

எங்கள் அயோவா ஊரில் வடக்குத் தீயணைப்பு நிலையத்தை மூடுவதா வேண்டாமா என்று இரண்டு கட்சிக்காரர்களும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார்கள். எந்தக் கட்சியையும் சாராத எங்கள் ஊர்க்குழு கத்தவில்லை, ஒரு பந்தயச் சந்தையைத் திறந்தது. நிலையத்தை மூடி, அங்கிருக்கும் ஆம்புலன்ஸை நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தினால் இப்போதைவிடச் சீக்கிரம் வருமா? காசு கிடையாது. ஆளுக்கு நூறு புள்ளி, புனைபெயரில் ஆட்டம். 'வரும்' என்பதைப் பலரும் வாங்க வாங்க அதன் விலை ஏறும். ஜெயிப்பவருக்குச் செர்ரிப்பழம் அடைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரம் பரிசு.

இருபதில் தொடங்கிய விலை எண்பதுக்கு வந்து நின்றது, அதாவது சீக்கிரம் வர நூற்றுக்கு எண்பது வாய்ப்பு என்பது ஊரின் கணிப்பு. மறுநாள் நகர மன்றத்தில் வாக்கெடுப்பு. அதற்கு முன் இந்தக் கணிப்பை அறிவிக்க வேண்டியவள் நான், மார்லிஸ். அந்த நிலையத்தின் கேப்டன் என் தம்பி டுவேன். குழு விதிப்படி என் வாசலில் எந்தப் பிரசாரப் பலகையும் கிடையாது. அவன் வாசலில் 'மூடாதே' என்று ஆளுயரப் பலகை.

காலையிலேயே என் சமையலறைக்கு வந்துவிட்டான்.

"ஓட்டு முடிஞ்சப்புறம் சொல்லேன்க்கா. குடியா முழுகிடும்?"

"முழுகும். இன்னைக்கு உனக்காக ஒளிச்சா, நாளைக்கு மேயருக்காக ஒளிக்கணும்."

"பெரிய நீதி தேவதை. தம்பி பதவி போனா உனக்கென்ன?"

காபியைத் தொடாமல் போனான். அதை ஊற்றிவிட்டுக் கிளம்பினேன். எண்பது என்று அறிவித்தேன். கணிப்பை மறைக்கிற குழு எதற்கு?

நிலையத்தை மூடினார்கள். டுவேன் தெற்கு நிலையத்தில் சாதாரண வீரனானான். குடும்பமே கூடும் நன்றி நாள் விருந்துக்குக்கூட அவன் வரவில்லை.

அடுத்த ஆண்டு ஆம்புலன்ஸ் சீக்கிரம் வருவதை மேயரே ஒப்புக்கொண்டார். தேவாலயக் கூடத்தில் பரிசளிப்பு. "ஜெயிச்ச புனைபெயர் 'வெந்த உருளை'. அது யாருங்க?" என்று கேட்டேன்.

டுவேன் எழுந்தான்.

"ஏன்டா, பலகை நட்டது நீதானே?"

"நட்டேன். என் நிலையம், என் பசங்க. மூடணுமான்னு கேட்டா கூடாதுன்னுதான் சொல்வேன். நீங்க கேட்டது சீக்கிரம் வருமான்னு. எங்க நிலையத்துப் பக்கத்து ரயில்வே கேட்ல, சரக்கு ரயிலுக்காக எத்தனை தடவை ஆம்புலன்ஸுக்குள்ள நோயாளியோட நின்னிருக்கேன் தெரியுமா? விலை இருபதுல இருக்கும்போதே எல்லாப் புள்ளியையும் 'வரும்'ல வச்சிட்டேன்."

"அப்புறம் ஏன் மறைக்கச் சொன்ன?"

"தெரிஞ்சும், நிலையத்தை விட மனசு கேக்கலைக்கா."

பரிசுப் பலகாரத்தை வெட்டி முதல் துண்டை என் தட்டில் வைத்தான். முகத்தில் இன்னும் கோபம்தான், ஆனால் துண்டு பெரியது.