சாம்பல் நிறம்

பிற்பகல் இரண்டே முக்காலுக்கு ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்து, தன்னால் எழத் தொடங்கியது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்சுவரில் மாட்டிய பெரிய திரையில் சீட் எண்கள் வரிசையாகப் பச்சையில் இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் சாம்பல் நிறத்துக்கு மாறியது. அந்த சீட்டில் இருந்தவள் கைகளை மடியில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். கறுத்த திரையில் அவள் முகமும் அதன் பின்னால் ஜன்னலும் தெரிந்தன. கண்களை மூடிக்கொண்டாள்.

சர்வீஸ்காரர் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். தூசி உள்ளே வரக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் விதி. சாக்ஸோடு, கருவிப்பையை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தார்.

"வாங்க டாக்டரே," என்றாள் ஜன்னலோரத்தவளுக்குப் பக்கத்து சீட்டுக்காரி. ஓயாமல் பேசுவதால் அவளை ரேடியோ என்பார்கள். "நீங்க படியேறும்போதே பேஷண்ட்டுக்கு மயக்கம் வந்துடுச்சு."

"எப்ப?"

"இப்பத்தான். பாருங்க, இன்னும் கண்ணு முழிக்கல."

ஜன்னலோரத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். ரேடியோ சிரித்தாள்.

"உன்னைச் சொல்லலடி. கம்ப்யூட்டரைச் சொன்னேன்."

அந்த அறையில் எல்லோருக்கும் ஒரே வேலை. படங்களில் கட்டம் போடுவது. எங்கோ ஓடும் கார்களின் நெற்றியில் பொருத்திய கேமராக்கள் எடுத்த தெருப் படங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். மனிதருக்கு மஞ்சள் கட்டம், வண்டிக்கு நீலம், மரத்துக்கும் கம்பத்துக்கும் வெள்ளை. ஓட்டுநர் இல்லாமல் ஓடப்போகும் வண்டிகளுக்குக் கண் பழக்குகிறோம் என்று சேர்ந்த அன்று சொல்லியிருந்தார்கள். மவுஸ் அரை நிமிடம் அசையாமல் கிடந்தால் சீட் எண் சிவப்பாகும். சிவப்பு அடிக்கடி விழுகிறவர்களை சூப்பர்வைசர் அறைக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர்களில் பலர் அடுத்த வாரம் வருவதில்லை. சாம்பல் நிறம் என்றால் கோளாறு மெஷினுடையது. அது யார் கணக்கிலும் சேராது.

சர்வீஸ்காரர் மேஜைக்கு அடியில் குனிந்தார். அந்த மேஜையை அவருக்கு வீட்டு மேஜையைப் போலத் தெரியும். முதல் தடவை வந்தபோது கோளாறு நிஜமாகவே இருந்தது. மின்சாரம் தரும் டப்பாவுக்குள் இரண்டு கெப்பாசிட்டர்கள் வயிறு உப்பிக் கிடந்தன. டப்பாவை மாற்றினார். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு மறுபடியும் அதே கதை. மெமரியைக் கழற்றித் துடைத்தார். சூடு தணிக்கும் பசையைப் புதிதாகத் தடவினார். பிளக்கை மாற்றினார். கடைசியாகக் கம்ப்யூட்டர் பெட்டியையே மூலை சீட்டுப் பெட்டியோடு மாற்றி வைத்தார். மூலைக்குப் போன பெட்டி ஒழுங்காக ஓடியது. ஜன்னலோரத்துக்கு வந்த பெட்டி அணைந்து எழத் தொடங்கியது.

அவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் எதுவும் ஆவதில்லை.

சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. கடை முதலாளி.

"என்னய்யா, அங்கேயே குடித்தனம் பண்றியா? அந்த ஆபீஸ் போச்சுன்னா கடையில ரெண்டு ஆளுக்கு வேலை கிடையாது. ஒருத்தருக்குத்தான் இருக்கு. அது நான்."

"இன்னைக்கு முடிச்சிடறேன்."

"முடிக்கலைன்னா நாளைக்கு வர வேண்டாம். வீட்லேயே இரு."

மறுமுனை அணைந்தது. அவர் போனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கல்லூரியில் சேர்ந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

சூப்பர்வைசர் வந்தாள். அவரைவிட வயதில் சிறியவள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் எப்போதும் பாதி குடித்த காபி.

"சார், மேலிடத்துல கேட்டுட்டாங்க. மெஷினை மாத்தியாச்சு, பிளக்கை மாத்தியாச்சு, அப்புறம் யாரை மாத்தறதுன்னு. நாளைக்கு அந்த மேஜைக்குக் கீழே கேமரா வைக்கச் சொல்லியிருக்காங்க."

ஜன்னலோரத்தவள் ஒரு பேருந்துக்கு நீலக் கட்டம் போட்டாள். கட்டம் பேருந்தைவிடப் பெரிதாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடியும் போட்டாள்.

"எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க மேடம்," என்றார் சர்வீஸ்காரர். "நானே சீட்ல உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கறேன். எப்ப அணையுதுன்னு தெரியணும்."

"உட்காருங்க. ஆனா சும்மா உட்காராதீங்க. கட்டம் போடுங்க. சிவப்பு விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்."

ஜன்னலோரத்தவள் எழுந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

முதல் படம் வந்தது. மழை விட்ட தெரு. தார் ரோட்டில் விளக்குகள் தலைகீழாக நின்றன. குடையோடு ஒருவர் தெருவைக் கடந்துகொண்டிருந்தார்.

"அவருக்கு மஞ்சள்," என்றாள். "குடையையும் சேர்த்துக்குங்கண்ணே. குடைக்கு வெளியே கோடு போகக் கூடாது."

"நிழலுக்கு?"

"நிழலுக்குக் கிடையாது."

ரேடியோ தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "எனக்கு இது பழகிப்போய் வீட்லயும் கட்டம்தான் டாக்டரே. எங்க வீட்டுக்காரர் சோபாவுல படுத்திருக்காரு. மனுஷன்னு மஞ்சள் போடறதா, கம்பம்னு வெள்ளை போடறதான்னு அரை மணி நேரமா யோசிச்சேன்."

"எதைப் போட்டே?" என்றார் சர்வீஸ்காரர்.

"ஒண்ணும் போடல. போர்வையைப் போட்டேன்."

வரிசையில் நாலைந்து பேர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மவுஸ்கள் நிற்கவில்லை.

படங்கள் வந்துகொண்டே இருந்தன. பனி மூடிய பாலம். ஆளில்லாத பெட்ரோல் பங்க். ஒரு பள்ளிக்கூட வாசல், கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கட்டம். கைகள் சேர்ந்திருந்த இடத்தில் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. எந்த ஊர் என்று எதிலும் இல்லை. கடைப் பலகைகளை அழித்து மங்கலாக்கியிருந்தார்கள். முகங்களையும் அப்படியே. அவர் பார்த்துக்கொண்டே கையை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, மவுஸ்!"

அசைத்தார். ஜன்னல் வழியாக வெயில் மேஜைமேல் விழுந்து கை முட்டிவரை சூடேற்றியது. மின்விசிறிகளின் சத்தமும் க்ளிக் சத்தமும் சேர்ந்து தூரத்தில் எங்கோ மழை பெய்வது போலிருந்தது. மறுபடியும் மழை விட்ட தெரு. மறுபடியும் குடை. அதே ஆளா, வேறு ஆளா? மஞ்சள் கட்டம். அவருக்கு இமை கனத்தது. முழங்கால் வலித்தது. காலை நீட்டினார்.

மேஜைக்கு அடியில் மடித்துப் போட்ட ஒரு பழைய துண்டு இருந்தது. குதிகால் அதில் வாகாக உட்கார்ந்தது. அப்படி உட்கார்ந்ததும் கட்டை விரல் பெட்டியின் முகப்பில், தானாகவே, ஒரு சின்ன மேட்டில் போய் நின்றது. வேறெங்கும் போக முடியாதபடி நின்றது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி எழுப்பும் ரீசெட் பட்டன்.

அவர் அசையாமல் இருந்தார். பக்கத்தில் அவள் மூச்சு விடும் சத்தம் நின்றிருந்தது.

விரலை அழுத்தினார்.

திரை இருண்டது. குடையோடு நடந்தவர் போனார், தெரு போனது. கறுத்த கண்ணாடியில் அவருடைய முகமும் பின்னால் ஜன்னலும் தெரிந்தன. எழுந்து பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். முதலாளிக்குச் சொல்ல வேண்டும். சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். இமைகள் இறங்கின. அந்தத் தெருவில் அவர் நின்றுகொண்டிருந்தார். சாக்ஸ் நனைந்திருந்தது. யாரோ ஒருவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே விளக்கு எரிந்தது. அவசரம் எதுவும் இல்லை.

கம்ப்யூட்டர் எழுந்துவிட்ட சத்தம் கேட்டுக் கண் திறந்தார். சுவர்த் திரையில் சாம்பல் நிறம் பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போச்சுடா," என்றாள் ரேடியோ. "டாக்டருக்கும் தொத்திக்கிச்சு."

சூப்பர்வைசர் வேகமாக வந்தாள். "பார்த்தீங்களா? உங்க கண்ணு முன்னாடியே ஆச்சு. என்னன்னு பிடிபட்டுதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிடிபட்டுது மேடம். உள்ள ஒரு வயர். முன்பக்கத்துலேர்ந்து போர்டுக்குப் போறது. திறந்து பார்க்கணும்."

"அப்பாடா. சீக்கிரம் முடிங்க," என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள்.

அவர் மேஜைக்கு அடியில் புகுந்தார். பெட்டி முழுக்கச் சாம்பல் பூத்தது போலத் தூசி. பட்டன் மட்டும் பளபளத்தது. இத்தனை நாளும் இது கண்ணில் படாமல் போனது எப்படி என்று நினைத்தார். உள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கொஞ்சம் டார்ச் பிடி."

அவள் குனிந்து உள்ளே வந்தாள். மேஜைக்கு அடியில் இரண்டு பேருக்கு இடம் போதவில்லை. செல்போன் வெளிச்சத்தைப் பெட்டியின்மேல் பிடித்தாள். அவர் திருகுகளைக் கழற்றி ஒவ்வொன்றாகத் துண்டின்மேல் வைத்தார்.

"சொல்லிடுவீங்களா?" என்றாள் மெதுவாக.

"எத்தனை நாளா?"

"மொதல்ல நிஜமாவே அணைஞ்சுது. நீங்க வந்து டப்பாவை மாத்தினீங்க. அதுக்கப்புறம் அணையவே இல்ல. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன் அண்ணே. முடியல."

"வீட்ல தூங்கறதில்லையா?"

"அப்பா படுத்த படுக்கை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடணும். இல்லைன்னா முதுகு புண்ணாயிடும். ஏற்கெனவே ஒண்ணு வந்து ஆறியிருக்கு. பகல்ல அம்மா பார்த்துக்குவாங்க. ராத்திரி நான்தான். அம்மாவால தூக்க முடியாது."

அவர் பக்கப் பலகையைக் கழற்றினார்.

"அஞ்சு நிமிஷம்தான் அண்ணே கெடைக்கும். ஆனா அதுக்குள்ள எங்கெங்கயோ போயிட்டு வந்துடுவேன். அந்த மழைத் தெரு வருதுல்ல? அதுலதான் நடப்பேன். நேத்து ஒரு திருப்பம் வரைக்கும் போனேன். இன்னைக்கு அங்கேருந்து ஆரம்பிச்சேன்." வெளிச்சம் கீழே இறங்கியது. "அங்க நிறைய பேர் வர்றாங்க. யாருக்கும் கட்டம் போட வேண்டாம்."

"டார்ச்சை இப்படிக் காட்டு."

காட்டினாள். முகப்பிலிருந்து மெல்லிய வயர்கள் சடைபோல இறங்கிப் போர்டின் ஓரத்தில் செருகியிருந்தன. அவர் விரலால் அந்தப் பட்டனின் வயரைப் பிரித்து எடுத்தார்.

"சொல்ல மாட்டேன்," என்றார். "ஆனா நாளைக்குக் கேமரா வைக்கறாங்க. இதை இப்படியே விட்டுட்டுப் போனா நீ மாட்டிக்குவே."

"கேமரா கால் வரைக்கும் தெரியுமா?"

"காலை மட்டும்தான்மா பார்க்கப்போறாங்க."

அவள் வெளிச்சத்தை வயர்மேல் நகர்த்தினாள். அவர் அவசரப்படவில்லை. முனையைப் பிடித்து மெல்ல ஆட்டி இழுத்தார். நகம் கிள்ளும் அளவுக்குக்கூடச் சத்தமில்லாமல் அது கழன்று வந்தது. வயரைச் சுருட்டி மற்ற வயர்களுக்குப் பின்னால் செருகினார். திருகுகளைப் போட அவள்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு அவள் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் எழுந்தது, சீட் எண் பச்சையானது. சூப்பர்வைசர் கதவோரத்தில் நின்று நெடுநேரம் பார்த்தாள். அணையவில்லை.

"நல்ல வேலை சார்," என்றாள். "உங்க முதலாளிக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். மேலிடத்துலயும் சொல்லிடறேன், கேமரா வேண்டாம்னு. செலவு மிச்சம்."

அவள் உள்ளே போனதும் சர்வீஸ்காரர் ஸ்க்ரூடிரைவர்களைப் பைக்குள் அடுக்கினார். செல்போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. வெயில் மேஜையிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தது. மேஜைக்கு அடியில் அவள் குதிகால் துண்டின்மேல் இருந்தது. கட்டை விரல் பட்டனை அழுத்தியது. விட்டது. மறுபடியும் அழுத்தி அப்படியே வைத்திருந்தது. திரையில் அடுத்த படம் வந்தது. கூட்டமான சந்தை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தலைகள். அவள் முதல் ஆளுக்குக் கட்டம் போட்டாள்.

அவர் பையின் ஜிப்பை இழுத்தார். அவள் திரும்பாமலேயே, மவுஸை நிறுத்தாமலேயே கேட்டாள்.

"அண்ணே, இது இனிமே எப்ப கெட்டுப்போகும்?"