பன்னிரண்டாவது எபிசோடுக்குத் தலைப்பு

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குச் சொந்தமானது ஒரு கடைவாய்ப்பல் மட்டும்தான். அதுவும் இப்போது இல்லை.

பல்லைப் பிடுங்கிய பிறகு, பஞ்சைக் கடித்துக்கொண்டு, பாதி முகம் மரத்துப்போய்ப் பல் ஆஸ்பத்திரியின் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். டோக்கன் கொடுக்கும் பெண் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். என் காதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம். “அன்னைக்கு நான் அதைத் தேடவே இல்லையே.” சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கிழித்து ஒரு கிழவரிடம் நீட்டினாள்.

அவ்வளவுதான். எதைத் தேடவில்லை? சாவியாக இருக்கலாம், குடையாக இருக்கலாம். வேறு யாராவது என்றால் வாயைத் திறந்து கேட்டிருப்பார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, நானாகவே அவளுக்கு ஒரு குழந்தையைக் கொடுத்து, அதைச் சாகவும் வைத்தேன். [எழுதுகிறவர்கள் இதற்குக் கற்பனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய மனசு.]

2

தொடக்கங்கள்.

“மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மாதக் குழந்தை ஒன்று தன் அப்பாவின் சட்டைப் பையில்…” வேண்டாம். முதல் வரியிலேயே குழந்தையைத் தூக்கிக் காட்டி இரக்கம் கேட்பது கேவலம்.

“இணையத் தேடல் என்பது ஒரு பெருங்கடல்.” இதையும் அடித்துவிட்டேன். அது கடலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

“‘செல்’ என்ற பாட்காஸ்டை முப்பத்தொரு பேர் கேட்கிறார்கள். அதில் ஒருவர் கறையானுக்கு மருந்து தேடி வந்தவர்.”

இது நின்றுவிட்டது. இதிலிருந்து போகலாம்.

பாட்காஸ்டை நடத்துகிறவள் அதே டோக்கன் கொடுக்கும் பெண். பல் வலியோடு வருகிறவர்கள் எல்லாரும் அவளை டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அவள் வீட்டுக்காரர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். கைக்கடிகாரத்துக்குள் போடும் வட்டமான சின்ன பேட்டரியை அவர் தொழிலில் ‘செல்’ என்பார்கள். தீர்ந்த செல்களைக் கடையில் கண்ட இடத்தில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். ஒரு நாள் ராத்திரி ஒரு செல் பையின் மூலையில் ஒட்டிக்கொண்டு வீடு வந்தது. மறுநாள் காலை சட்டை நாற்காலியில் கிடந்தது. பாப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய வாரம் அது.

தீர்ந்துபோன செல்லும் ஒரு குழந்தையின் தொண்டையை உள்ளேயிருந்து அரித்துவிடும், சில மணி நேரத்தில். இது என் கற்பனை இல்லை. இது மட்டும் நிஜம்.

பிறகு அவர் தன் சட்டைகளின் பைகளை எல்லாம் தைத்து மூடிவிட்டார். அவரே உட்கார்ந்து, கடிகாரம் பார்க்கிற லென்ஸை மாட்டிக்கொண்டு தைத்தார். வாடிக்கையாளர் சீட்டை நீட்டினால் வாங்கி, பழக்கத்தில் நெஞ்சுக்குக் கொண்டுபோவார். விரல் உள்ளே போகாது. எடுத்து மேஜையில் வைப்பார்.

மற்ற அம்மாக்களை எச்சரிக்கப் பாப்பாவின் கதையைச் சொல்லும் அந்தப் பாட்காஸ்டுக்கு ‘செல்’ என்று பெயர் வைத்தவள் அவள். அந்தப் பேட்டரியும் செல். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்பதும் செல். வைத்த அன்று அவளுக்கே புல்லரித்தது. தேடுகிறவர்களுக்கு என்ன வந்தது? செல்போன் கடைகள். குழந்தை செல் பார்த்தால் கண் கெடுமா என்ற கட்டுரைகள். அலமாரியைச் செல் அரிக்காமல் காப்பது எப்படி என்ற வீடியோக்கள். கறையான்காரர் பொறுமையாக ஒரு எபிசோடை முழுக்கக் கேட்டுவிட்டு, கீழே எழுதியிருந்தார்: “உருக்கமாக இருந்தது. மருந்து பெயர் சொல்லவில்லையே?”

3

நாத்தனார் வருகிறாள். கடிகாரக்காரரின் தங்கை. கடைகளையும் கம்பெனிகளையும் தேடலில் மேலே கொண்டுவருவதுதான் அவள் ஆபீஸ் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்தாள். அண்ணன் கடையில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் வந்திருந்தாள். மூன்று வருடமாக அவள் அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

“அண்ணி, தப்பா நினைக்காதீங்க. ‘வெள்ளைச் சட்டை’, ‘நாற்காலிக்குக் கீழே’, ‘ஒரு செவ்வாய்க்கிழமை’… இதெல்லாம் என்ன தலைப்பு? எந்த அம்மா இப்படித் தேடுவா?”

“நல்லா இருக்குன்னு உங்க அண்ணன் சொன்னாரே.”

“அவருக்கென்ன தெரியும்?”

பாட்காஸ்டை வெட்டி ஒட்டி, தெரு இரைச்சலை எடுத்து, சுத்தம் செய்து ஏற்றுகிறவர் அவர்தான். மூன்றாவது எபிசோடில் அவரே பேசியும் இருக்கிறார். இரண்டு நிமிடம். “தப்பு என்னோடது. என் சட்டைப் பை.” அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

“பன்னெண்டாவது எபிசோடுதான் முக்கியம்,” என்றாள் நாத்தனார். “மத்த பதினொண்ணும் நமக்காக நாம அழுதது. இதுலதான் என்ன அறிகுறி, என்ன செய்யணும்னு சொல்லியிருக்கீங்க. இது ஒண்ணாவது போய்ச் சேரணும்.”

“அப்ப ‘குழந்தை வாட்ச் செல் முழுங்கிட்டா’ன்னு வெச்சிடலாமா?”

“வெக்கலாம். ஆனா முழுங்கினது தெரிஞ்சவ எதுக்கு அண்ணி உட்கார்ந்து தேடப் போறா? அவ நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவா. நமக்கு வேண்டியது தெரியாதவ. என்னன்னே தெரியாம தேடறவ. அவ என்ன வார்த்தை அடிப்பா, அதான் தலைப்பு.”

பிறகு அவள் கேட்டது தொழில் ரீதியான கேள்விதான். எந்த வாடிக்கையாளரிடமும் முதலில் கேட்கிற கேள்வி.

“அன்னைக்கு நீங்க என்ன தேடினீங்க?”

“அன்னைக்கு நான் அதைத் தேடவே இல்லையே.”

[என் வாக்கியம் வந்து உட்கார்ந்துவிட்டது. இதற்காகத்தான் இவ்வளவு பேரை இழுத்து வந்தேன். கதையை இங்கேயே நிறுத்திவிட்டால் எல்லாருக்கும் நல்லது.]

“அதைத் தேடலை, சரி. வேற என்ன தேடினீங்க? உங்க கணக்குல இருக்கும், அழிக்காம விட்டிருந்தா.”

டோக்கன் அக்கா அழித்திருக்கவில்லை. அழிக்கலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. நாத்தனார் அவள் போனை வாங்கித் தேதியை வைத்துப் பின்னால் போனாள். மூன்று வருடம் பின்னால் போக மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

11.42. குழந்தை எச்சில் வடியுது பல் முளைக்குதா

11.47. பல் முளைக்கும்போது சாப்பிடாம இருக்குமா

2.15. குழந்தை தூங்கிட்டே இருக்கு பல் முளைக்கும்போது

பல் ஆஸ்பத்திரியில் ஆறு வருடம். டோக்கன் வாங்க நிற்கிற அம்மாக்கள் குழந்தையைக் காட்டி, “எச்சிலா ஊத்துதுக்கா” என்பார்கள். “பல் வருதும்மா, ஒண்ணுமில்ல” என்று இவள் எத்தனை பேரை அனுப்பியிருக்கிறாள்! வேறு வேலையில் இருந்திருந்தால் பயந்திருப்பாள். இவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

நாத்தனார் மூன்று வரிகளையும் இரண்டாவது தடவை படித்தாள்.

“இதான் அண்ணி,” என்றாள் கடைசியில். “இதைத்தான் எல்லாரும் அடிப்பாங்க. இதையே தலைப்பா வெச்சிட்டா…” வாக்கியத்தை முடிக்கவில்லை. பிறகு, “பதினொண்ணே முக்காலா?”

டோக்கன் அக்கா போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

“ஆறு மணிக்குத்தான் கவனிச்சேன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

4

இந்தப் பகுதியில் ஆஸ்பத்திரி இருந்தது. எடுத்துவிட்டேன்.

5

ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். அவருக்குக் கடிகாரம், அவளுக்குப் பல். ரொம்பக் கச்சிதமாக இருக்கிறதே என்று. எனக்கும் வந்தது. இரண்டாவது பிரதியில் அவரை பஸ் டிரைவராக மாற்றினேன். பேட்டரி ஒரு பொம்மையிலிருந்து விழுந்தது. பொம்மையை வாங்கித் தந்தவர் யாரோ தூரத்து உறவு. எழுதிப் பார்த்தால் கதை முதல் பக்கத்திலேயே படுத்துவிட்டது. யார் மேலும் பழி இல்லை, ஆகவே அவள் ஒளிந்துகொள்ள ஓர் இடமும் இல்லை. வேறு வழியில்லாமல் செல்லை எடுத்து மறுபடியும் அந்த மனிதரின் சட்டைப் பையில் போட்டேன்.

போட்ட பிறகுதான் உறைத்தது. அவள் செய்ததும் இதைத்தான். வீட்டில் எல்லாரும் அவர் பையைப் பார்த்தார்கள். அவரும் தன் பையைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். பொய் என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மணி எத்தனை என்று யாரோ கேட்டபோது ஆறு என்றாள். செல் எப்படி வந்தது என்பது அவர் கணக்கு. பதினொன்றே முக்காலிலிருந்து மாலை வரை போன நேரம் அவள் கணக்கு. மூன்று வருடமாக இரண்டையும் அவரே சுமக்கிறார்.

“நான் சொல்ல மாட்டேன் அண்ணி,” என்றாள் நாத்தனார், லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. கண் சிவந்திருந்தது. “உங்க மேல கோபம்கூட வரலை. பல்லுன்னு நானும்தான் நினைச்சிருப்பேன். ஆனா மூணு வருஷமா அண்ணன்கிட்ட நான் ஒரு வார்த்தை ஒழுங்கா பேசலை. அதுக்கு நான் என்ன பண்றது, அதைச் சொல்லுங்க.”

“தலைப்பை மாத்திட்டா மேல வந்துடுமா?” என்று கேட்டாள் இவள். கேட்க வேண்டியது அதுவல்ல என்று அவளுக்கே தெரியும்.

“வரலாம். வராமயும் போகலாம். அந்த வார்த்தைக்கு இப்ப மேல இருக்கறதெல்லாம் பல்லுக்குத் தடவற களிம்பு விக்கிறவங்க. அவங்களைத் தாண்டி வரணும். பழைய தலைப்பு மாதிரியே வெச்சா வரவே வராது, அது மட்டும் நிச்சயம்.”

6

முடிவுகள்.

ஒன்று. அவள் சொல்லிவிடுகிறாள். அவர் எழுந்து போய்ச் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, போட்டிருக்கிற சட்டையின் பைத் தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் அடித்தேன். பையைப் பிரித்தால் ஆயிற்றா? அவர் மேல் இருந்ததை இறக்கி அவள் தலையில் வைத்தால் அந்த வீட்டில் பாரம் குறைந்துவிடுமா?

இரண்டு. அவள் சொல்லவில்லை. ‘குழந்தை வாட்ச் செல் முழுங்கிட்டா’ என்றே தலைப்பு வைக்கிறாள். கேட்பவர்கள் முப்பத்தொன்றிலிருந்து முப்பத்துநான்கு ஆகிறார்கள். எங்கோ ஒரு வீட்டில், காலை பதினொன்றே முக்காலுக்கு, மடியில் குழந்தையோடு ஒருத்தி ஐந்து வார்த்தை அடிக்கிறாள். பல்லுக்குத் தடவுகிற களிம்பு வருகிறது. தடவிவிட்டுத் தூங்கவைக்கிறாள். இதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதைவிட மோசமான மூன்றாவது ஒன்றும் உண்டு. அவள் சொல்லிவிடுகிறாள், தலைப்பும் மாறுகிறது, அப்படியும் மேலே வரவில்லை. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுத எனக்குத் தெம்பில்லை.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். [நடந்ததா? சரி. நடந்ததாக நான் எழுதியதை.]

அன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு அவர் வந்தார். கை கழுவினார். நாத்தனார் குடித்துவிட்டு வைத்த டம்ளரைப் பார்த்தார்.

“தங்கச்சி வந்திருந்தாளா?”

“வந்தா.”

“என்னைக் கேட்டாளா?”

“கேட்டா,” என்றாள். அதுவும் பொய்.

அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அதைப் பார்க்க முடியாமல் அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். ஒரு டம்ளரைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகுமோ அதற்கு நாலு மடங்கு நேரம் கழுவினாள்.

திரும்பி வந்தபோது அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாவது எபிசோட் ஏறி முடிந்து, தலைப்புக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“எல்லாம் ரெடி. தலைப்பு என்னன்னு தங்கச்சி சொன்னாளா?”

“சொன்னா. நீங்க எழுந்துக்கோங்க, நான் அடிக்கிறேன்.”

“பரவாயில்ல, வாரமெல்லாம் டோக்கன் கிழிச்சுக் கிழிச்சு உனக்குக் கை வலிக்கும். நீ சொல்லு, நான் அடிக்கிறேன்.”

அவள் அவருடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருடத்தில் அது முழுக்க நரைத்திருந்தது. நாத்தனார் கண்டெடுத்த தலைப்பைச் சொன்னால், இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டு இந்த மனிதர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையை அவள் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூட முகம் தெளிவாகத் தெரிந்ததில்லை.

“குழந்தை,” என்றாள்.

அவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார்.

இரண்டு தலைப்புகளுக்கும் முதல் வார்த்தை இதுதான். இதுவரைக்கும் அவளை நான் கூட்டிவந்துவிட்டேன். எச்சிலா, வாட்சா, அடுத்த வார்த்தையை அவள் வாயில் வைக்க எனக்கு யோக்கியதை இல்லை. அவளுக்குப் பக்கத்தில் நீங்கள்தான் நிற்கிறீர்கள்.

அடித்து முடித்தவர் ஒருமுறை சரிபார்த்தார். எழுத்துப் பிழை இல்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“ம். அப்புறம்?”